கொழும்புக் கரையும் ஏறி இறங்கிய கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். கடல் மட்டம் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகள் கேட்பது ஒரு வகை. வகுப்பு முடிந்து அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் படிக்கட்டில் மறித்துக் கேட்பது இன்னொரு வகை. வீடு கட்டுகிறவர், நீர்கொழும்பில் வள்ளம் வைத்திருப்பவர், கடலை நிரப்பி எழுப்பிய போர்ட் சிட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் என்று எல்லாரும் கடைசியில் இதே சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். போகப் போகச் சிக்கலாகும்.

1. கடல் மட்டம் என்றால் மாறாத மட்டம்தானே சேர்? அதை வைத்துத்தானே மலையின் உயரத்தையே அளக்கிறோம்?

இன்றைக்கு அளக்க அது போதும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் போதாது. பூமி குளிர்ந்த காலங்களில் கடலிலிருந்து ஆவியான நீர் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனியாக விழுந்து, திரும்ப ஓடி வராமல் கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் குவிந்து கிடந்தது. அந்த அளவுக்குக் கடல் இறங்கியது. கடைசியாகப் பனி உச்சத்தில் இருந்தது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே நின்றது.

வற்றுப் பெருக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. அது தினமும் வந்து போவது. நாம் பேசுவது வந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டு இருந்துவிட்டுப் போவதைப் பற்றி.

2. அந்தக் காலத்தில் காலி முகத்திடலில் நின்று பார்த்தால் கடலே தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்காது. இலங்கையைச் சுற்றி ஆழமில்லாத ஒரு விளிம்பு இருக்கிறது. கண்டமேடை என்பது அதுதான். சராசரி அகலம் 20 கிலோமீற்றர் அளவு, சராசரி ஆழம் 65 மீற்றர் அளவு. அதற்கப்பால் கடல் சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடும். கடல் 120 மீற்றர் கீழே போனால் இந்த மேடையில் பெரும்பகுதி தரை. காலி முகத்திடலில் நின்றவருக்கு மேற்கே தெரிந்திருக்கக்கூடியது மெல்லச் சரிந்துபோகும் ஒரு சமவெளி. அதன் நடுவே களனி கங்கை, இன்றைய முகத்துவாரத்தில் நிற்காமல், இன்னும் மேற்கே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆறு நீண்டதோடு விடவில்லை. கடல் இறங்கினால் ஆறு விழவேண்டிய இடமும் தாழ்கிறது. அதனால் ஆறு தன் அடியைத் தோண்டும். களனியும் அதன் கிளைகளும் அப்படித் தோண்டிய பள்ளங்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் முக்கால்வாசி விசயம் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கிறது. 11ஆம் கேள்வியில் அவற்றுக்கு வருகிறேன்.

3. அப்படியென்றால் இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாமே?

தாராளமாக. பாக்கு நீரிணையும் பாக்குக் குடாவும் மேற்குக் கரையைப் போல இல்லை. பல இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றரைத் தாண்டாது. கடல் 120 மீற்றர் இறங்கத் தேவையே இல்லை, அதில் சிறு பங்கு இறங்கினாலே அங்கே தரை. யாழ்ப்பாணமும் மன்னாரும் அப்போது கரையோர ஊர்களாக இருந்திருக்க முடியாது, உள்நாட்டுச் சமவெளியாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தொடர்பு கடைசியாக அறுந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்.

இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில், 'இல்லம்' என்று சொல்லும் மாணிக்கச் சரளை அடுக்கில், சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று இவற்றில் ஒன்றும் இலங்கைக் காட்டில் இல்லை. தரைவழி திறந்திருந்தபோது வந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழி திறந்திருந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பது பிழை. நன்னீர் நண்டு, மரத்தவளை போன்றவற்றில் இங்கே இருக்கும் இனங்கள் தென்னிந்திய இனங்களிலிருந்து நீண்ட காலம் பிரிந்தே வளர்ந்திருக்கின்றன. நடுவில் இருந்தது வறண்ட சமவெளி. சிங்கராஜ ஈரத்தில் வாழும் தவளை அதைத் தாண்டி எங்கே போவது?

4. அந்தத் தரைவழிதான் இராமர் பாலமா?

இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இன்று தெரிவது மணல் திட்டுகளின் வரிசை. அன்றைய தரைவழி அதைவிடப் பல மடங்கு அகலமானது, பாக்குக் குடா முழுவதும் அதில் அடக்கம். கடல் ஏறியபோது அந்தச் சமவெளியில் கடைசியாக மூழ்கிய மேடான பகுதி இது என்று சொல்லலாம். அதன் மேல் அலையும் நீரோட்டமும் மணலைச் சேர்ப்பதும் கலைப்பதுமாக இருக்கின்றன. பக்தி பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, பாடத்திட்டத்திலும் இல்லை.

5. கடலுக்கு அடியில் பழைய கரை கிடக்கிறது என்கிறீர்கள். யார் போய்ப் பார்த்தது?

மீனவர்கள் தினமும் அதன் மேல்தான் வலை போடுகிறார்கள். அவர்கள் 'பார்' என்று சொல்லும் கல்மேடுகளில் முருகைக்கல்லும் உண்டு, மணற்கல்லும் உண்டு. மேற்குக் கரையோரம் கடலடியில் கரைக்குச் சமாந்தரமாக நீண்டு போகும் மணற்கல் வரிசைகள் பல இருக்கின்றன. அவற்றில் பல ஒருகாலத்துக் கடற்கரைகள்.

இந்தக் கல் உண்டாகும் விதம் தெரிந்தால் சந்தேகம் போய்விடும். வெப்பமண்டலக் கடற்கரையில், வற்றுக் கோட்டுக்கும் பெருக்குக் கோட்டுக்கும் இடையிலே, சூட்டில் நீர் ஆவியாகும்போது அதிலிருந்த சுண்ணாம்பு மணல்களுக்கு இடையே படிந்து இறுகிவிடும். ஆயிரம் ஆண்டுகூட வேண்டாம், சில நாடுகளில் கண்ணாடிப் போத்தல் துண்டுகள் இந்தக் கல்லுக்குள் இறுகிப்போய்க் கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். நீர்கொழும்புக் கரையில் வற்று நேரத்தில் போய்ப் பாருங்கள். பலகை பலகையாக, கடல் பக்கம் மெல்லச் சரிந்தபடி கிடக்கும். கையால் தடவினால் மணல் தட்டுப்படும், சிப்பி ஓடுகளும் தெரியும். கரையில் மட்டுமே உண்டாகும் அந்தக் கல் 20 மீற்றர் ஆழத்தில் கிடந்தால் என்ன அர்த்தம்? ஒருநாள் அந்த ஆழம் கரையாக இருந்தது.

6. கடல் எவ்வளவு வேகத்தில் ஏறியது? மக்கள் எல்லாரும் ஓடித் தப்பினார்களா?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஏற்றம் 7,000 ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 13,000 ஆண்டில் 120 மீற்றர் என்றால் ஆண்டுக்கு 9 மில்லிமீற்றர், நூறாண்டுக்கு ஒரு மீற்றர் அளவு. ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு சில நூற்றாண்டுகளுக்குள் பத்துப் பதினைந்து மீற்றர் பாய்ந்து ஏறிய காலமும் உண்டு.

செங்குத்தாக ஒரு மீற்றர் என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் 20 கிலோமீற்றரில் 120 மீற்றர் சரிவு என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், கடல் ஒரு மீற்றர் ஏறக் கரை 170 மீற்றர் அளவு பின்வாங்கும். ஒருவரின் ஆயுளில் நூறு மீற்றர். பேரன் பிறக்கும்போது தாத்தா சிப்பி பொறுக்கிய இடம் தண்ணீருக்குள். ஓடும் வேகமில்லை, ஆனால் மறக்கக்கூடியதுமில்லை.

அவர்கள் யார் என்று கேட்டால், களுத்துறை மாவட்டம் புலத்சிங்களவுக்கு அருகே பாஹியன்கல குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். நல்ல மழைக்காட்டுக்குள் குரங்கும் அணிலும் வேட்டையாடியவர்கள். ஆனால் உள்நாட்டுக் குகைகளில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருக்கின்றன. அப்போது கடல் இன்றைவிட இன்னும் தொலைவில் இருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நடந்து போய் எடுத்தார்களோ, கை மாறி வந்ததோ, கரையோடு தொடர்பு இருந்தது நிச்சயம். கரையிலேயே வாழ்ந்தவர்களின் இருப்பிடங்கள் இன்று கடலடியில்.

7. களனி திஸ்ஸ மன்னன் காலத்தில் கடல் பொங்கி ஊர்களை விழுங்கியது என்று மகாவம்சத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. குற்றமற்ற பிக்குவைக் கொன்றதற்காகக் கடல் சீறியது, மன்னன் மகளைப் பொற்கலத்தில் வைத்துக் கடலில் விட்டான், அவளே விகாரமகாதேவி என்று கதை போகும். ஆனால் 6ஆம் பதிலில் சொன்ன ஏற்றம் அதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டது. அதுவும் ஒருநாளும் சீறி வரவில்லை.

ஒரே நாளில் ஊருக்குள் வரும் கடலை நாம் 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தோம். வந்தது, அழித்தது, திரும்பிப் போனது. அம்பாந்தோட்டையில் கரகன் களப்பின் சேற்றை ஆழமாகத் துளைத்து எடுத்துப் பார்த்தவர்கள், கடந்த 7,000 ஆண்டுகளில் அதைப்போலப் பல ஆழிப்பேரலைகள் மணல் அடுக்குகளை விட்டுப்போயிருப்பதைக் கண்டார்கள். ஆகவே அந்தக் கதைக்கு ஏதோ ஒரு அலை வேராக இருந்திருக்கலாம். நாடு நிரந்தரமாக மூழ்கியது என்பதற்கு அது சான்றாகாது.

8. குமரிக்கண்டத்தையும் இதே மாதிரித் தள்ளிவிடுவீர்களா?

இந்தக் கேள்வி கொஞ்சம் கோபத்தோடுதான் வரும். தமிழ்நாட்டின் தென்முனைக்கு அப்பால் கண்டமேடை அகலமானது. கடல் தாழ்ந்திருந்தபோது அங்கே நிறையத் தரை வெளியே இருந்தது, பிறகு மூழ்கியது. அந்த அளவில் கடல் கொண்டது என்பது உண்மை. அதைத் தாண்டித் தெற்கே கடல் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம், அடியில் கிடப்பது எரிமலைக் குழம்பு இறுகிய சமுத்திரத் தரை. 120 மீற்றர் இறங்கினால் அது வெளியே வராது.

இலெமூரியா என்ற பெயர் 1864 இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரித் தேவாங்கு வகைகள் இருப்பது எப்படி என்று யோசித்து, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கும் என்றார். கண்டங்களே நகர்கின்றன என்று பிறகு தெரிந்தபோது அந்த நிலம் தேவைப்படாமல் போயிற்று. நம்முடைய இலக்கியங்கள் சொல்லும் கடல்கோளை அவருடைய குரங்குக் கணக்கோடு முடிச்சுப் போட்டதுதான் வினை.

9. கடல் இன்றைய மட்டத்துக்கு மேலேயும் ஏறியிருக்கிறதா?

ஏறியிருக்கிறது. சுமார் 6,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரையில் கடல் இன்றைவிட ஒன்று, ஒன்றரை மீற்றர் அளவு மேலே நின்றது. சாட்சி தென்மேற்கிலும் தெற்கிலும் கிடக்கிறது. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையே அக்குரலையில், கரைக்கு உட்புறம் வயலுக்கும் தென்னந்தோட்டத்துக்கும் கீழே முருகைக்கல் படுக்கை. உயிரோடு வளர்ந்த இடத்திலேயே நிற்கும் முருகை, யாரும் கொண்டுபோய்ப் போட்டதல்ல. முருகை நீருக்கு மேலே வளராது. ஹுங்கம பக்கம் கரையிலிருந்து தள்ளி மீற்றர் கணக்கில் சிப்பிப் படுக்கைகள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜினதாச கட்டுபொத்த 1980களில் இவற்றுக்குக் கதிரியக்கக் காபன் முறையில் வயது கண்டு வெளியிட்டார்.

அதற்கும் முன், 1,25,000 ஆண்டுகளுக்கு முந்திய வெப்பக் காலத்தில் உலகக் கடல் இன்றைவிட 6 முதல் 9 மீற்றர் வரை மேலே இருந்தது. பூந்தல பகுதியில் பழைய கரையோரக் கற்களையும் அவற்றின் மேல் படிந்த மணல் குன்றுகளையும் தொல்லியலாளர் சிரான் தெரணியகல ஆராய்ந்தார். கல்லாயுதங்களும் அங்கே கிடைத்தன.

அக்குரலைக் கல்லுக்கு இன்னொரு கதியும் உண்டு. தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். தென்மேற்கில் பல வீடுகளின் சுவரில் அந்தப் பழைய கடல் வெள்ளையடித்துக் கிடக்கிறது.

10. பனி திரும்ப உறையவில்லை என்றால், ஏறிய கடல் எப்படி ஒன்றரை மீற்றர் இறங்கியது?

வகுப்பில் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைதான் இதைக் கேட்கும். தண்ணீரின் அளவு மாறவில்லை, பாத்திரத்தின் வடிவம் மாறியது.

பனிப் பாரம் வட அமெரிக்காவை அழுத்தியபோது அதைச் சுற்றியிருந்த நிலமும் கடலடியும் பக்கவாட்டில் வீங்கியிருந்தன. பனி உருகியதும் அந்த வீக்கம் மெதுவாகத் தணிந்தது. அங்கே கடலடி தாழ, நம்முடைய பக்கத்து நீர் அந்த இடத்தை நிரப்பப் போயிற்று. அதோடு, புதிதாக ஏறிய நீரின் பாரம் கடலடியை அழுத்த, கரையோர நிலம் சற்று மேலே எழும்பியது. இரண்டும் சேர்ந்து வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் கடல் இறங்கியதாகத் தெரிகிறது. பனி இருந்த இடத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் நமக்குத்தான் இந்த அடையாளம் தெளிவாகக் கிடைக்கிறது. ஸ்கண்டினேவியாவில் நிலம் இன்னும் எழும்பிக்கொண்டே இருப்பதால் கணக்கே வேறு.

11. ஹிக்கடுவை எல்லாம் சரி, கொழும்பில் காட்டுங்கள் பார்ப்போம்.

கொழும்பில் கல்லைத் தேடாதீர்கள், பள்ளத்தைத் தேடுங்கள். இந்த நகரம் கபுக்கல் என்னும் செம்புரைக்கல் மேடுகளும் அவற்றுக்கிடையே தாழ்ந்த சதுப்புமாக இருக்கிறது. ஆட்டுப்பட்டித்தெரு, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏறி இறங்கி நடந்தவர்களுக்குக் கால் சொல்லும். வுல்பெண்டால் தேவாலயம் நிற்பது அப்படியொரு மேட்டில். மேடுகளுக்கு இடையிலான தாழ்வுகள்தான் 2ஆம் பதிலில் மனதில் வைக்கச் சொன்ன பள்ளங்கள். கடல் திரும்பி ஏறியபோது அவற்றுக்குள் புகுந்தது. கொழும்பு ஒரு காலம் விரல் விரலாக உள்ளே நுழைந்த கடலோடு கிடந்தது.

பிறகு நிரப்பு வேலை. ஆறு வண்டலைக் கொட்டியது. அலை மணலைக் கரையோரம் நீளமான வரம்பாகக் கட்டி வாயை அடைத்தது. உள்ளே சிக்கிய நீர் களப்பாயிற்று, களப்பு கண்டலாகவும் சதுப்பாகவும் மாறியது. முத்துராஜவெல இதற்கு நல்ல உதாரணம். 3,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட சதுப்பு, தொடக்கம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன். அதற்கும் கடலுக்கும் இடையே உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம ஊர்கள் இருக்கும் மணல் வரம்பு. இன்னும் நிரம்பி முடியாத பாதி நீர்கொழும்புக் களப்பு, 30 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பரப்பு, ஆனால் பெரும்பகுதியில் நின்றால் ஆள் மூழ்காது. தெற்கே பொல்கொட வாவியும் லுணாவ களப்பும் இதே குடும்பம். பாராளுமன்றம் நிற்கும் தியவன்னாவைச் சூழ்ந்த சதுப்பும் அப்படித்தான்.

கறுவாத்தோட்டத்தையும் சொல்ல வேண்டும். இன்று கொழும்பு 7 என்றால் தூதரகமும் மதிலும். 1810களில் இங்கிருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி அந்த மண்ணைச் சோதித்துவிட்டு, கிட்டத்தட்ட முழுவதும் வெண்மையான குவார்ட்ஸ் மணல் என்று எழுதினார். அந்த மணலில் கறுவா நன்றாக வளர்ந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளி இப்படி வெண்மணல் கிடப்பது மேற்குக் கரை நெடுகிலும் உண்டு. மாரவில, நாத்தாண்டியாப் பக்கத்தில் அதே மாதிரி வெண்மணலை அள்ளித்தான் கண்ணாடி செய்கிறார்கள்.

12. பேர வாவியும் அப்படி வந்ததுதானே?

அது மனிதர் வேலை. போர்த்துக்கேயர் கோட்டையைக் காக்க ஓர் ஓடையை மறித்துத் தேக்கினார்கள். ஓடை இருந்த தாழ்வு வேண்டுமானால் பழையது. வாவி 165 ஹெக்டேயர் அளவிலிருந்து 65 ஹெக்டேயருக்குச் சுருங்கியதும் மனிதர் வேலைதான்.

13. காணியில் அத்திவாரம் வெட்டினால் கறுப்புச் சேறும் மரத்துண்டும் வருகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை. இது என்ன?

கண்டல் காடு. அல்லது அதன் மிச்சம். நீருக்குள் விழுந்த இலையும் வேரும் காற்றுப் படாமல் பாதி உக்கி அப்படியே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பாடப்புத்தகம் முற்றா நிலக்கரி என்னும், வேலையாட்கள் சேறு என்பார்கள். சில இடங்களில் வேரின் நார்கூடக் கெடாமல் வரும், கொஞ்சம் ஆழத்தில் சிப்பி வரும். அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தினுடையது. கடல் நீர் அங்கே இருந்ததற்கு அதுவே அடையாளம்.

வீடு கட்டுகிறவருக்கு இதில் இரண்டு தொல்லை. ஒன்று, பாரம் ஏற்றினால் இது பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும், அதுவும் ஒரு மூலை கூட, ஒரு மூலை குறைய. மேலே கிரவல் கொட்டி நிரப்பினால் பிரச்சினை தீராது, பாரம்தான் கூடும். இரண்டு, தோண்டிக் காற்றில் போட்டால் அந்தக் கந்தகம் அமிலமாகி கொங்கிரீட்டையும் கம்பியையும் தின்னும். பக்கத்து வீட்டில் ஆறு அடியில் கபுக் வந்தது என்று மேசன் பாஸ் சொல்வதை நம்பிக் கட்டாதீர்கள். மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் கோடு உங்கள் இரு வீட்டு மதிலுக்கு இடையே இருக்கலாம். மண் பரிசோதனைக்குச் செலவழியுங்கள்.

14. கடல்தான் பள்ளத்துக்குள் புகுந்ததே, பிறகு ஏன் கொழும்புக்குத் திருகோணமலை மாதிரித் துறைமுகம் கிடைக்கவில்லை?

களனி நிரப்பிவிட்டது. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து 145 கிலோமீற்றர் ஓடி, நல்ல மழை வலயத்தின் மண்ணையெல்லாம் கொண்டுவரும் ஆறு அது. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு வெகு அருகே வருகிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் எவ்வளவு கொட்டினாலும் அந்த ஆழம் விழுங்கிக்கொள்ளும். கொழும்பில் இயற்கை கொடுக்காத அடைக்கலத்தை 1875 இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்தான் கொடுத்தது.

15. கல்கிசையில் கரை அரிப்பது கடல் மட்டம் ஏறுவதால்தானே?

அது ஒரு காரணம், முதல் காரணம் அல்ல. கரையை மட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மணலின் வரவு செலவுதான் தீர்மானிக்கிறது. 11இல் சொன்ன மணல் வரம்புகள் எல்லாம் மட்டம் அதிகம் மாறாத சில ஆயிரம் ஆண்டுகளில், வரவு செலவை மிஞ்சியதால் கட்டப்பட்டவை. இன்று களனியின் மணல் கடலை அடையும் முன்பே கட்டட வேலைக்கு லொறி ஏறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் முகத்துவாரத்துக்கு வடக்கே உஸ்வெட்டகெய்யாவ கரைகிறது.

கல்கிசையில் 2020 இல் கடலிலிருந்து மணல் எடுத்துக் கொட்டினார்கள். அந்தப் பருவத்திலேயே பெரும்பகுதி நகர்ந்துவிட்டது என்று சண்டை நடந்தது. கொட்டியது பிழையில்லை, ஒருமுறை கொட்டினால் போதும் என்று நினைப்பதுதான் பிழை.

16. போர்ட் சிட்டிக்குக் கொட்டிய மணல் எங்கிருந்து வந்தது?

கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து. 269 ஹெக்டேயர் நிலம் அதனால் எழுந்தது. கண்டமேடைகளில் கிடக்கும் மணலில் பெரும்பங்கு கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகளும் பழைய கரைகளும் விட்டுப்போனது. இன்றைய ஆறு அதை மறுபடி நிரப்பாது. அந்தக் கணக்கில் அது சேமிப்பிலிருந்து எடுத்த பணம்.

17. இலங்கைக்குத் தெற்கே கடல் 100 மீற்றர் பள்ளமாக இருக்கிறதாம், யூடியூப்பில் பார்த்தேன். அப்ப நாம் ஏற்கெனவே கீழேதானே?

உண்மைதான். பூமியின் ஈர்ப்பு அங்கே சற்றுக் குறைவு. அதனால் கடல்பரப்பு கணித வடிவத்தைவிட 106 மீற்றர் அளவு தாழ்ந்து நிற்கிறது. ஆனால் கப்பல் அங்கே இறங்கிப் போவதில்லை. கீழ் என்பதே ஈர்ப்பு சொல்லும் திசைதான், அந்தப் பள்ளமும் ஈர்ப்புக்குச் சமதரை. இது எப்போதும் இருக்கும் வடிவம். கரையில் நிற்கும் நமக்கு ஒரு அங்குலமும் கூடவோ குறையவோ செய்யாது.

18. முன்பும் ஏறியது, இறங்கியது. இப்போது மட்டும் ஏன் இவ்வளவு சத்தம்?

1993 முதல் செய்மதிகள் அளந்ததில் உலகக் கடல் 10 சென்ரிமீற்றர் அளவு ஏறியிருக்கிறது, வேகமும் கூடிவருகிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2021 இல் வெளியிட்ட அறிக்கை, இந்த நூற்றாண்டு முடிவுக்குள் பசுங்குடில் வாயு வெளியேற்றம் மிகக் குறைந்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர், மிகக் கூடினால் 63 முதல் 101 சென்ரிமீற்றர் என்கிறது. மேல்கணக்கை 6ஆம் பதிலோடு வைத்துப் பாருங்கள். நூறாண்டில் ஒரு மீற்றர், அதாவது பனியுகம் கரைந்தபோது இருந்த சராசரி வேகம்.

அன்று கடல் ஏற, மணல் வரம்பும் சதுப்பும் உள்ளே நகர்ந்துகொண்டன. மக்களும் நகர்ந்தார்கள். இன்று வெள்ளவத்தையில் அலைக்கும் காலி வீதிக்கும் இடையே கருங்கல், ரயில் பாதை, மரைன் டிரைவ், எட்டு மாடி. வரம்பு எங்கே நகரும்? இன்னொன்று, கடந்த 6,000 ஆண்டு அமைதியில் கட்டப்பட்டதைத்தான் நாம் நிரந்தரமான இலங்கை வரைபடம் என்று வரையப் பழகியிருக்கிறோம்.

19. குடிதண்ணீரில் உப்பு வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. களனியின் அடி, கீழ்ப்பகுதியில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மணல் அள்ளியதால் இன்னும் இறங்கியது. வறட்சியில் ஆற்றோட்டம் குறைந்தால், கனமான உப்பு நீர் அடியோடு ஊர்ந்து மேலே போகும். கொழும்புக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தலை வரை அது எட்டியிருக்கிறது, அதற்காகவே அங்கே உப்புத் தடுப்பணை போட வேண்டி வந்தது. பழைய பள்ளத்தாக்கு தன் கடலை இன்னும் மறக்கவில்லை.

20. கடைசியாக ஒன்று சேர், வெள்ளவத்தையில் பிளாட் வாங்கலாமா வேண்டாமா?

எல்லாக் கேள்வியும் முடிவில் இங்கேதான் வரும். காலி வீதியை ஒட்டிய பகுதி தாழ்வான இடமல்ல. உங்கள் ஆயுளில் கடல் நேரே ஏறி வாசலுக்கு வரும் என்று பயந்தால் அது தேவையில்லாத பயம். கடல் பக்கத்துக் காற்றின் உப்பில் ஏசியும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிப்பது அதைவிட நிச்சயம்.

நான் கேட்கச் சொல்வது மறுபக்கத்தை. கொழும்பின் மழைநீர் கால்வாய் வழியாக, மிகச் சின்னச் சரிவில், வெள்ளவத்தை, தெஹிவளை வாய்களிலும் களனியிலும் போய் விழுகிறது. வாயில் கடல் சில அங்குலம் உயர்ந்தாலே உள்ளே நீர் தேங்கும். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றமே நீரில் நின்றது. அலையால் அல்ல, வடிய இடமில்லாமல். மழையைத் தாங்கிப் பிடிக்கும் சதுப்புகளுக்காகத்தான் 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, அதே சதுப்பை பேர்ச் கணக்கில் நிரப்பி விற்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே கடல் தெரியும் பல்கனியைப் பார்க்கும் முன் கால்வாய் எவ்வளவு தூரம், வாகனத் தரிப்பிடம் நிலத்துக்குக் கீழேயா, 2010 இலும் 2016 இலும் அந்த ஒழுங்கையில் நீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று விசாரியுங்கள். விற்பவரிடம் வேண்டாம். ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், சுவரில் கோடே காட்டுவார்.